தட்டாமல் நுழைபவள்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் கதை எழுத உட்காரவில்லை. அகராதிக்காக ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். 'இன்ட்ரூசிவ்' என்ற ஆங்கிலப் பெயரடை. லத்தீனில் அதன் வேருக்கு 'உள்ளே தள்ளு' என்று பொருள். 'அழைக்காத இடத்தில் மூக்கை நுழைக்கிற' என்று எழுதிவிட்டேன். எடுத்துக்காட்டு வாக்கியம்தான் அகப்படவில்லை.

2
முதல் முயற்சி: 'படிக்கும்போது குறுக்கே வரும் விளம்பரம்...' (கைவிட்டேன். உயிரே இல்லை.)

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். என் கணுக்கால் முறிந்தது தெரிந்ததும், கூப்பிடாமலே பெட்டியோடு வந்து இறங்கியவள். ஓய்வுபெற்ற நர்ஸ்.

"மாத்திர போட்டியா? கால ஏன்டி தொங்கப் போட்டிருக்க? தலகாணி மேல வையின்னு எத்தன தடவ சொல்றது!"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. எழுதினேன்: 'என் அக்கா இன்ட்ரூசிவ், கதவைத் தட்டவே மாட்டாள்.'

3
தாளை மேசையிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனது என் தப்பு. (மாவுக்கட்டோடு குளிக்க அரை மணி நேரம் ஆகும். ஒரு வரி படிக்க?)

"இதுக்கு என்னடி அர்த்தம்?"

மழுப்பினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"முப்பது வருஷம் வார்டுல இருந்தேன். தட்டிட்டு வெளியவே நின்னா, உள்ள விழுந்து கெடக்கறவ எழுந்து வந்தா தெறப்பா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். (திருத்தம்: சிரிக்கவில்லை.)

4
அன்றிலிருந்து தட்டுகிறாள். மெதுவாக, இரண்டு தட்டு. நான் 'வா' என்ற பிறகே வந்து, மாத்திரையை வைத்துவிட்டுப் போகிறாள். தலையணை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கேட்டது கிடைத்துவிட்டது; எனக்கு அழுகையாக வருகிறது.

முடிவு ஒன்று: மன்னிப்புக் கேட்கிறேன். (கேட்டேன். "எதுக்கு?" என்றாள்.)

முடிவு இரண்டு: அந்த வாக்கியத்தை அடித்துவிடுகிறேன். (அடித்து, அவளிடம் காட்டியும் ஆயிற்று. மறுநாளும் தட்டினாள்.)

நாளை கட்டுப் பிரிக்கிறார்கள். அவள் பெட்டியை அடுக்கி வைத்துவிட்டாள். இப்படியே போய்விட்டால், அடுத்த தடவை நான் கூப்பிட்டால்தான் வருவாள். கூப்பிடுகிற ஜாதியா நான்?

5
இதோ, தட்டுகிறாள். நான் 'வா' என்று சொல்லவில்லை. காலை நன்றாகத் தொங்கப் போட்டிருக்கிறேன்.

மறுபடி தட்டுகிறாள்.

(ஊன்றுகோலைத் தரையில் தள்ளிவிட்டேன். நல்ல சத்தம்.)

வாசகரே, கதவுக்கு அந்தப் பக்கம் அவளோடு நிற்பது நீங்கள்தான். நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.