கிராதித் துணி

ஆறு மணிப் பூசைக்கு முதல் மணி அடித்தபோது பெர்னார்ட் இன்னும் நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் மண்ணெண்ணெய், பிறகு எலுமிச்சைத் தோல், பிறகு சவுக்காரம். உள்ளங்கை வெளுத்துவிட்டது. விரல் ரேகைகளில் கரி அப்படியே இருந்தது.

முந்தின நாள் மதியம் ஆபீசிலிருந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காரின் இன்ஜின் தலையைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த கரியைக் கத்தியால் சுரண்டினார். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் செய்முறையைப் படத்துடன் போட்டிருந்தார்கள். படத்தில் சுலபமாக இருந்தது.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. சீமைக்குத் திரும்பிய தோட்டத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய கார். அதை வாங்கிய பிறகு பட்டறைக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. பெர்னார்ட் துறைமுகக் கம்பெனி ஒன்றில் தலைமைக் கிராணி. எழுதுகோல் பிடிக்கிற கை. காரை வெள்ளைக்காரன் பட்டறைக்கு அனுப்புவதாக ஒருமுறை யாரிடமோ சொன்னார். அதன் பிறகு கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்ல வேண்டியதாயிற்று.

"ஹென்றிகிட்டக் குடுத்தா என்ன?" என்றாள் கேத்தரின். பூசைக்கு முக்காடு போட்டுக்கொண்டு புறப்பட நின்றிருந்தாள்.

ஹென்றி அடுத்த தெருவில் மோட்டார் பட்டறை வைத்திருந்தான். அவனும் அதே கோவில்தான்.

"அவன்கிட்ட விட்டா, நம்ம காடி எந்த வெள்ளைக்காரன்கிட்டப் போகுதுன்னு பசார் முழுக்கத் தெரிஞ்சிரும்."

"அப்பக் கையையும் அந்த வெள்ளைக்காரன்கிட்டயே குடுத்துக் கழுவிட்டு வாங்க."

அவள் முன்னால் நடந்தாள்.

சாமியார் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்கும் நேரம் வந்தது. பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியின் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கும். முழந்தாளிடுகிறவர்கள் அதன் ஓரத்தை அடியிலிருந்து தூக்கித் தாடைக்குக் கீழே விரித்துப் பிடிக்க வேண்டும். அப்பம் தவறினாலும் தரையில் விழாது. அன்று கட்டியிருந்தது புதுத் துணி. கன்னியர் மடத்தில் ஓரம் முழுக்கத் திராட்சைக் கொடி தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

பெர்னார்ட் கைகளைத் துணிக்கு அடியில் நுழைத்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். அங்கே அவை யார் கண்ணிலும் படாது. விரல்கள் வியர்த்திருந்தன.

அவருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டவன் ஹென்றி.

பூசை முடிந்து ஆண்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கோவில் துணிகளைத் துவைக்கும் அமலம்மாள் அந்தத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் வந்தாள். அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். திராட்சைக் கொடிக்குப் பக்கத்தில் கறுப்பாக விரல் தடங்கள்.

"பொடி போடுற கெழவனுங்க வேலைன்னு நெனச்சேன். மோந்து பாத்தா எண்ண. மோட்டார் எண்ண."

"எந்தப் பக்கம்?"

"ஆம்பளைங்க பக்கந்தான். பொம்பளைங்கள்ல எவ காடிக்கு அடியில படுத்துக் கெடக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெர்னார்டும் சிரித்தார். கைகள் கால்சட்டைப் பைக்குள் இருந்தன.

யாரும் பெயர் சொல்லவில்லை. மோட்டார் எண்ணெயில் வேலை செய்கிறவன் அந்தக் கோவிலில் ஒருவன்தான். அவன், மகள் ஜூலியானாவைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து, எதுவும் தெரியாமல் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

"பெர்னார்டுக்குக் கவலையில்ல" என்றார் உபதேசியார். "அவர் காடிக்குத் தொரைமாருங்களே கை அழுக்காக்கிக்கிறாங்க."

மறுபடியும் சிரிப்பு. அப்போது சொல்லியிருக்கலாம். சிரிப்பு அடங்கியது. பேச்சு மழையைப் பற்றிப் போயிற்று.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்குப் பிறகு உபதேசியார் ஓர் அறிவிப்பு வாசித்தார். எண்ணெயிலும் கரியிலும் வேலை செய்கிறவர்கள், மற்ற எல்லாரும் நன்மை வாங்கிய பிறகு கடைசியாக வரவேண்டும். தனியாக முழந்தாளிட வேண்டும். துணியைத் தொடக்கூடாது.

தலைகள் திரும்பின. ஹென்றி செபப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தைப் புரட்டவில்லை.

அன்று ஹென்றி நன்மை வாங்க எழுந்திருக்கவில்லை. பெர்னார்டும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க ஏன் போகல?" என்றாள் கேத்தரின்.

"காலையில மறந்தாப்புல தண்ணி குடிச்சிட்டேன்."

நன்மை வாங்குவதற்கு முன் தண்ணீர் குடித்தாலும் உபவாசம் முறிந்துவிடும். அவள் மேலே கேட்கவில்லை. அவர் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பொய் சொன்னேன் என்றார். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. செபம் சொல்லச் சொன்னார். பெர்னார்ட் முழந்தாளிட்டு அதைச் சொல்லி முடித்தார். வீட்டுக்கு வந்து கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள், பிள்ளைகள் முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மைத் திருவிழா. விருந்தாளியாக வரும் சாமியாரைப் படகுத்துறையிலிருந்து அழைத்துவரக் காரைத் தருவதாக அவர் என்றைக்கோ வாக்குக் கொடுத்திருந்தார். இன்ஜின் தலை இன்னும் தரையில் சாக்கின் மேல் கிடந்தது. தூக்கிப் பொருத்தினார். ஒரு பக்கம் உட்கார்ந்தது. மறுபக்கம் உட்காரவில்லை. மறுபடியும் கழற்றினார்.

"ஹென்றி வந்திருக்கு" என்று கேத்தரின் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். "ஒங்களப் பாக்கணுமாம்."

கழுவ நேரமில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைகளையும் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார்.

ஹென்றி படிக்குக் கீழே நின்றான். வெளுத்த சட்டை போட்டிருந்தான்.

"உள்ள வாயேன் தம்பி."

"இருக்கட்டும் அண்ணே. நாளைக்கு ஜூலியானாவுக்குப் புதுநன்மை."

"தெரியும்."

"அப்பன் புள்ளைக்குப் பக்கத்துல முட்டி போடணும். எல்லா அப்பனும் போடுவான். நான் கடைசியில தனியாப் போடணுமாம். உபதேசியார்கிட்டக் கேட்டேன். ஒருத்தனுக்காக மாத்த முடியாதுன்னுட்டாரு." சட்டை ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டான். "புள்ள கேக்குது அண்ணே. நீ என்னாப்பா தப்பு பண்ணுனேன்னு."

பெர்னார்ட் தெருப் பக்கம் பார்த்தார்.

"சனிக்கெழம மத்தியானம் பட்டறையச் சாத்திருவேன். பூசைக்கு முந்துன நாளு சாயங்காலம் இரும்பத் தொடமாட்டேன். சும்மா பேச்சுக்குச் சொல்லல. பாருங்க."

கைகளை நீட்டினான். ஒருமுறை புரட்டிக் காட்டினான். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன.

"சாமியாருகிட்ட இங்கிலீசுல சொன்னா கேப்பாரு. எனக்கு அது வராது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இன்னும் கோவில்லதான் இருக்காரு."

"இந்த நேரத்துலயா?"

"சைக்கிள் கொண்டாந்திருக்கேன். பின்னால ஒக்காந்துக்குங்க. காடிய வெளிய எடுக்கணும்னு இல்ல."

கேத்தரின் கதவோரம் நின்று துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மடிப்பில் ஓர் இடம் கறுக்கத் தொடங்கியிருந்தது. பெர்னார்ட் துண்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க எம்பக்கத்துலதானே இருந்தீங்க அண்ணே" என்றான் ஹென்றி. "எங்கை அழுக்கா இருந்துச்சா?"