பக்கத்து அறையில் இருந்தவர்

நரி வழக்கு விசாரிப்பதையும் கிளி தூது போவதையும் மறுப்பின்றிக் கேட்டுப் பழகியவர்கள் நாம். ஒரு தரை பதில் சொன்னது என்றால் மட்டும் முகம் சுளிப்பது நியாயமாகாது.

தரைக்கு டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். பிழைக்க வந்த நாட்டில் அவருடைய மனைவியும் மகளும் குடியுரிமை பெற்றுவிட்டார்கள். அவர் மட்டும் மிச்சம். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி அவரைத் தடுத்து நிறுத்தியது. எந்த நாட்டிலாவது, வழக்கின்றி விடுவிக்கப்பட்டிருந்தாலும், கைது செய்யப்பட்டதுண்டா?

உண்டு. இளவயதில், சொந்த நாட்டில், தெருவில் போனவர்களை எல்லாம் போலீஸ் அள்ளிச் சென்ற ஒருநாள், அவரும் அகப்பட்டார். இரவு முழுவதும் லாக்கப். காலையில் விட்டுவிட்டார்கள்.

“இல்லைன்னு போடுங்க அத்தான்,” என்றான் மனைவியின் தம்பி. “ராத்திரி படுக்க இடம் குடுத்து, காலையில போடான்னு அனுப்பியிருக்கான். லாட்ஜுக்காரனாவது வாடகை கேப்பான்!”

“சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்டா மச்சான்.”

“அப்ப ஆமான்னு போடுங்க. அக்காவையும் பொண்ணையும் இங்க விட்டுட்டு நீங்க மட்டும் பெட்டியைக் கட்டுங்க.”

மனைவி அடுப்பின் பக்கம் திரும்பி நின்றாள். “போட்டுடுங்களேன்,” என்றாள் திரும்பாமலே.

அவர் ‘இல்லை’ என்று எழுதினார்.

அப்போது அவர் ஓர் அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். பதித்த டைல்ஸ் இறுகிய பின், ஒவ்வொன்றையும் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்ப்பது அத்தொழிலின் முறை. அடியில் கலவை நிறைந்திருந்தால் ஓசை கெட்டியாக வரும். வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். மேஸ்திரி இருமுறை தட்டினார். கெட்டியாகத்தான் இருந்தது. கையை எடுத்தார். கீழிருந்து யாரோ இருமுறை தட்டினார்கள்.

கலவை போடும் கூட்டாளிக்கு, வாய் ஓயாததால், வானொலி என்று பெயர். “கீழ்வீட்டுக்காரன் தூக்கம் கெடுதாம் மேஸ்திரி!” என்று சிரித்தான்.

“கீழ ஏதுடா வீடு? மண்ணுதான் இருக்கு.”

மேஸ்திரி மறுபடி தட்டினார். மறுபடி பதில் வந்தது. அந்த டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தார்கள். அடியில் விரல்நுனி நுழையவும் இடமில்லாமல் கலவை நிறைந்திருந்தது.

“எனக்கு ஒண்ணும் கேக்கல,” என்று சொல்லிவிட்டு, வானொலி அன்று முழுவதும் வாயைத் திறக்கவில்லை.

மேஸ்திரிக்கு அந்த ஓசை ஏற்கெனவே பழக்கமானதுதான். லாக்கப்பில், சுவருக்கு மறுபுறம் ஒரு மனிதர் இருந்தார். முகம் தெரியாது, பெயர் தெரியாது. பேசினால் காவலர் வந்து அடிப்பார். ஆகவே இருவரும் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நீ இருக்கிறாயா, இருக்கிறேன் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. விடியும் வேளையில் அந்தப் பக்கம் கதவு திறந்தது, காலடிகள் கேட்டன. அதன்பின் மேஸ்திரி எவ்வளவு தட்டியும் பதில் இல்லை.

அந்த மனிதர் அங்கே இருந்தார் என்பதற்குத் தம்மைத் தவிர வேறு சாட்சி உண்டா என்று அவருக்குத் தெரியாது. அந்த இரவே இல்லை என்று எழுதிவிட்டால் அந்த மனிதரும் இல்லை.

அதன்பின் அவர் பதித்த தரைகளெல்லாம் பதில் சொல்லின. வீட்டில், யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்து மனைவி எழுந்து போய்த் திறப்பாள். வாசலில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மேசைக்கு எதிரே பெண் அதிகாரி. பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். “எழுதினதுல ஏதாவது மாத்தணுமான்னு கேக்குறாங்க,” என்றார் அவர்.

அதிகாரியின் பின்னால் இருந்த சுவரில் இருமுறை தட்டும் ஓசை எழுந்தது. அதிகாரி நிமிரவில்லை. மொழிபெயர்ப்பாளரின் பேனா மட்டும் நின்றது.

“அந்தம்மாகிட்ட சொல்லுங்க சார். நான் எழுதினது பொய். என்னைப் பிடிச்சு ஒரு ராத்திரி உள்ள வெச்சிருந்தாங்க. பக்கத்து அறையில இன்னொருத்தர் இருந்தாரு. விடியறப்போ அவரைக் கொண்டுபோயிட்டாங்க. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க.”

அந்த ஊரையும் காவல் நிலையத்தையும் அதிகாரி கேட்டுக் குறித்துக்கொண்டார். கைது பெரிதல்ல, மறைத்ததுதான் பெரிது; மேலிடம் முடிவு செய்யும், மறுக்கப்படலாம் என்றார்.

மொழிபெயர்ப்பாளர் நடைபாதையில் பின்தொடர்ந்து வந்தார். “உள்ள கேட்டதை வெளிய பேசக்கூடாது. என் வேலையே போயிடும். ஆனாலும் மனசு கேக்கல. போன மழைக்காலத்துல உங்க நாற்காலியில ஒருத்தர் உக்காந்து இதையே சொன்னாரு. அதே ஸ்டேஷன். பக்கத்து அறையில ஒருத்தர் விடிய விடியத் தட்டினாராம். இவரை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. அந்த ஆளை அடிச்சே கொன்னிருப்பாங்கன்னு சொல்லி அழுதாரு.”

“உயிரோட இருக்காரா சார்?”

“இருக்காரு. ஆனா தூக்கமே இல்லையாம். எந்தச் சுவத்துல சாஞ்சாலும், செத்தவர் இன்னும் தட்டிக்கிட்டே இருக்காராம்.”

மேஸ்திரி நாள்தோறும் சுத்தியலால் தரையைத் தட்டிக் காய்த்துப்போன தம் வலக்கையைப் பார்த்தார்.

வெளியே மனைவி ஓடி வந்தாள். “என்னங்க, கிடைச்சிடுமா?”

“தெரியல. உண்மையைச் சொல்லிட்டேன்.”

அவள் முகம் வெளுத்தது. பிறகு அவர் தோளைப் பற்றிக்கொண்டாள். பேருந்தில் அந்த இரவை முதன்முறையாக அவளுக்கு முழுவதும் சொன்னார். சொல்லும்போது, வண்டி குலுங்கும்தோறும், தம் விரல்கள் சன்னல் கம்பியில் மோதித் தட்டும் ஓசை எழாதபடி கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார்.