ஒன்று, இரண்டு, கடைசி

கொல்லயில் சபையின் பாட்டுப் புத்தகக் குழு கூடிய அன்று ஆலயத்தின் பக்கத்து அறையில் இருந்தவர்கள்: போதகர் ஜெனில், பாடகர் குழுத் தலைவி ஷீனா, சபைச் செயலாளர் சிஜு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் தெக்கேவிளை வீட்டின் மூத்த ஆண்மகனுமான ராஜதாஸ், முட்டுவலிக்கு மருந்து வாங்கப் போகும் வழியில் அவரோடு காரில் வந்து, வெளியே வெயில் என்பதால் மட்டும் உள்ளே அமர்ந்த அவருடைய அக்காள் சரோஜம். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிற பதினேழு பேரும் இல்லை.

சபையின் நூற்றைம்பதாம் ஆண்டுக்குப் புதுப் புத்தகம் வருகிறது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் எழுதியவர் பெயர் அச்சாகும். எழுபத்திரண்டாம் பாட்டைத் தன் தாத்தா உபதேசியார் ஞானாபரணம் எழுதினார் என்பதில் ராஜதாசுக்குச் சந்தேகம் இல்லை. ஆதாரமும் இல்லை, நல்ல குடும்பங்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. எழுதியது தன் தாத்தா என்ற சிஜுதான் ஆதாரத்தோடு வந்திருந்தான்: பழுப்பேறிய ஒரு நோட்டு.

“சாறே, பாத்துக்கிடுங்க. எங்க தாத்தாவுக்க கையெழுத்து ஆக்கும்.”

“பகர்த்தி எழுதினவனெல்லாம் கவிஞனா? அப்போ பாறசாலை போட்டோஸ்டாட் கடைக்காரன் சங்கீதம் நூத்தம்பதையும் எழுதியிருக்கான்.”

ஷீனா சிரித்துவிட்டாள். சிஜுவுக்குச் சூடேறியது.

“உங்க வீட்டுப் பாட்டுதானே? மூணாம் சரணத்தைச் சொல்லுங்க, கேப்போம்.”

ராஜதாஸ் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அறுபது வருடமாக அந்தப் பாட்டைப் பாடியவர்தான். ஆனால் அந்தச் சபை எந்தப் பாட்டையும் முழுதாகப் பாடியதில்லை. ஒன்று, இரண்டு, கடைசி. கர்த்தரைத் துதிக்க வேண்டியதுதான், மதியச் சோறும் ஆறக்கூடாது அல்லவா? சபை பாடாததை அடிப்பானேன் என்று அச்சகத்தாரும் நடுவை விட்டுவிட்டார்கள்.

“நீ சொல்லேன்,” என்றார்.

சிஜு நோட்டைப் புரட்டினான். ஒன்று, இரண்டு, கடைசி. கவிஞர் தாத்தா சபையில் கேட்டதைத்தான் எழுதி வைத்திருந்தார். நோட்டை மெல்ல மூடினான்.

ராஜதாஸ் முதுகை இன்னும் ஓர் அங்குலம் நிமிர்த்தினார். அப்போது மூலையிலிருந்து சரோஜம் பாடினாள்.

“பிள்ளை பெறாத மலடியென்று பெட்டியோடு இறக்கிவிட்டார்;
கொண்டவர் கதவடைத்த நாளில் கோவே உம் கதவு திறந்ததே.”

போதகர் தொண்டையைச் செருமினார். “சாறே, உபதேசியார் தன்னையே மலடின்னு பாடியிருப்பாரா?”

ராஜதாஸ் அக்காளை முறைத்தார். “உனக்கு யாருக்கா இதைப் படிப்பிச்சது?”

“அப்பனுக்க அத்தை அன்னபாக்கியம். கெட்டினவன் கள்ளிக்காட்டிலேருந்து திருப்பி அனுப்பினான். நம்ம வீட்டுக்காரங்க அவளைப் பின்கட்டில வச்சாங்க. அவளுக்க பாட்டை மட்டும் முன்வாசல் வழியா சபைக்குக் கொண்டுபோனாங்க.”

அந்தப் பெயர் ராஜதாசுக்குப் புதிதல்ல. வீட்டு முகப்பில் கருங்கல்லில் வம்சாவளி வெட்டியபோது அதைச் சேர்க்க வேண்டாம் என்று சொன்னதே அவர்தான்.

“நம்ம சபையில மூணாம் சரணம் பாடுற வழக்கம் இல்லையே,” என்றார். வழக்கங்களைக் காப்பதில் அவர் எப்போதும் கண்டிப்பானவர்.

“எலே ராசு, அவ பேரு புத்தகத்துல வரல்லேங்கில், வாற ஞாயிறு நான் எழும்பி நிண்ணு மூணையும் நாலையும் பாடுவேன். நாலாவதுல உனக்க தாத்தாவும் உண்டு.”

நாலாவதைக் கேட்க ஷீனா மிகவும் ஆசைப்பட்டாள். ராஜதாஸ் ஆசைப்படவில்லை. எழுந்து நின்றார்.

“எழுதும்மா ஷீனா. அன்னபாக்கியம், தெக்கேவிளை. தெக்கேவிளையைக் கொஞ்சம் பெரிய எழுத்தில போடு.”

“மூணாம் சரணம் சாறே?”

“அதையும் போடு.”

“நாலாவது?”

“அது எனக்கு இப்போ மறந்துபோச்சு மக்கா,” என்றாள் சரோஜம்.

அக்காளின் மிரட்டலுக்குப் பயந்து ராஜதாஸ் இறங்கி வந்தார் என்று அதியன்னூர் வரைக்கும் ஒரு பேச்சு நடக்கிறது. அது தவறு. கூட்டக் குறிப்பில் தெளிவாக இருக்கிறது: முன்மொழிந்தவர், ராஜதாஸ்.