பிறகு நினைவூட்டவும்

செவ்வாய்க்கிழமை மாலை நான் கல்லூரியிலிருந்து வந்தபோது, அம்மா கணினிக்கு முதுகைக் காட்டி, வாசல் கதவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போடுகிறவள். பிறந்ததிலிருந்து நான் அதிகம் பார்த்தது அவளுடைய முதுகைத்தான். முகம் எப்போதும் திரைப்பக்கம் இருக்கும். அந்த நாற்காலி வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தால் வீட்டில் யாரோ மாட்டப்போகிறார்கள் என்று பொருள். நான் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். ஓட வேண்டி வந்தால் உதவும்.

"யாருடா அழுத்துனது?"

"எத?"

"எதன்னு கேக்கறான் பாரு. ஒண்ணும் தெரியாதவன் மூஞ்சியா இது?"

அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஒன்பது வருடமாகத் திரையின் இடது மூலையில் நின்றிருந்த ஐகான் படங்களெல்லாம் குரூப் போட்டோவுக்கு வந்தவர்கள் மாதிரி கீழே நடுவில் கூடி நின்றன. பின்னால் நீல நிறத்தில் ஏதோ ஒன்று, பூவா, கசங்கிய போர்வையா என்று தெரியாத மாதிரி மடிந்து கிடந்தது. ஓரத்தில் 'மேகமூட்டம்' என்று போட்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். மேகமூட்டமாகத்தான் இருந்தது. எனக்கு முதலில் பயம் வந்தது அப்போதுதான்.

எங்கள் வீட்டுக் கணினியை யாரும் முறைப்படி அணைப்பதில்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அம்மாவின் வரைபட மென்பொருள் அவள் முதன்முதலில் வேலை பார்த்த ஆபீஸில் ஒருவர் போட்டுக் கொடுத்தது. அவர் வெளிநாடு போய்விட்டார். அவர் கொடுத்த சிடி கீறல் விழுந்து, மாடியில் காக்கை விரட்டுவதற்காகத் தொங்குகிறது. ஆகவே அந்த மென்பொருளின் உயிர் இந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறது. பெட்டி புதிதாக மாறினால் உயிர் போய்விடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. கணினியோ இரண்டு வருடமாக, 'உங்களுக்காகப் புதிய பதிப்பு தயாராக இருக்கிறது' என்று பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் நான்கு பேரும் மாறாமல் 'பிறகு நினைவூட்டவும்' என்பதையே அழுத்தி வந்தோம். அணைக்கப் போனால் அங்கேயும் 'புதுப்பித்து அணை' என்று கண்ணி வைத்திருந்தது. எனவே சுவர் சுவிட்ச்தான். எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, "போடறேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். வீட்டில் வேறு யாராவது "போடு" என்று பதில் சொன்ன பிறகே சுவிட்சைத் தட்டலாம். யாரும் இல்லாத நேரத்தில் அப்பா தானே சொல்லித் தானே பதிலும் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். பஸ் டிப்போவில் வண்டி புறப்படும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் வேலை அவருக்கு. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளாமல் எதையும் நகர்த்த மாட்டார்.

அப்படிக் கட்டிக்காத்த வீட்டில்தான் இது நடந்திருந்தது. மென்பொருளை அழுத்தினால் ஒரு சாம்பல் நிறக் கட்டம் வந்து, இந்தப் பதிப்பில் இது இயங்காது என்று மரியாதையாகச் சொன்னது. இன்ஜினியருக்கு வெள்ளிக்கிழமை ஒரு மாடி வீட்டின் வரைபடம் போயாக வேண்டும். பதினெட்டு வருடமாக அவர் கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் அம்மாதான் வரைகிறாள். அவர் ஆபீஸில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள் என்றும், அவளும் வரைவாள் என்றும், நன்றாகவே வரைவாள் என்றும் இரண்டு மாதமாகக் காதில் விழுந்துகொண்டிருந்தது.

ஏழு மணிக்குள் எல்லாச் சந்தேக நபர்களும் வந்து சேர்ந்தார்கள். அக்கா மருந்துக்கடையிலிருந்து வந்து பையைக் கூட இறக்கவில்லை.

"காலைல எட்டு மணிக்குப் போனவ நான். வேணும்னா கைரேகை எடுத்துக்கோ."

"நேத்து ராத்திரி நீதான உக்காந்திருந்த?"

"சினிமா பாத்தேன். அது முடியறதுக்குள்ள அப்பா வந்து சீட்டாடணும்னு தலமாட்டுல நின்னாரு."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றுவதை நிறுத்தினார்.

"நான் சீட்டு மட்டும்தான் ஆடுவேன்னு உங்கம்மாவுக்கே தெரியும். இப்ப அதையும் போய்ப் பாத்தேன். ஆட்டத்துக்கு நடுவுல எவனோ பல்லு வெளக்கறான். நானா இதக் கேட்டேன்?"

விளம்பரத்தைச் சொல்கிறார். குற்றவாளி தனக்கே இப்படி ஒரு கேடு செய்துகொள்ள மாட்டான் என்ற வாதம் எடுபட்டது. மிச்சம் நான். இந்த வீட்டில் நான் கணினி வல்லுநன். மூன்று வருடத்துக்கு முன் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று அம்மா அழுதபோது அதன் ஒயரைச் செருகிச் சரிசெய்தேன். அன்றிலிருந்து இந்தப் பட்டம். நான் படிப்பது புள்ளியியல்.

"இவன்தான். சும்மா இருக்காம எதையாவது நோண்டுவான்," என்றாள் அம்மா. வழக்கு முடிந்தது.

புள்ளியியல் படிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் செய்திருக்க வாய்ப்பு அதிகம்தான். எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது. அதனால் புதன்கிழமை வகுப்பில் உட்கார்ந்து போனில் தேடிப் படித்து, பரிகாரத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

"அம்மா, பத்து நாளுக்குள்ளன்னா பழையபடியே மாத்திக்கலாமாம். ஒரு பட்டன்தான். உன் சாஃப்ட்வேர் திரும்ப வந்துரும்."

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்று மறுபடி நகர்ந்தது.

"வேணாம். அதத் தொடப் போய் இருக்கறதும் போயிடும்."

"என்ன இருக்கு போறதுக்கு?"

"வேணாம்னா விடேன்."

இங்கேதான் எனக்கு இடித்தது. இவள் கைப்பிடி பிய்ந்த பையை ஆறு மாதம் கழித்துக் கடையில் மாற்றி வாங்கி வந்தவள். எந்தப் பொருளையும் அப்படியே போகட்டும் என்று விட்டதாகச் சரித்திரம் இல்லை. அவளுடைய பதினெட்டு வருட வேலை ஒரு பட்டனில் திரும்பி வரும் என்கிறேன், வெங்காயத்தைப் பார்க்கிறாள். அன்று மாலையே இன்ஜினியரிடம் போனில், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "சார், வீட்ல புள்ளைங்க என்னமோ பண்ணிட்டாங்க சார், ஒண்ணும் திறக்க மாட்டேங்குது, வெள்ளிக்கிழம முடியாது போல," என்று சொன்னாள். குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் ஒப்புவிக்கிற வருத்தம். நான் வீட்டுப்பாடம் செய்யாததற்குப் பள்ளியில் அதே குரலில் பல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். அந்தக் குரல் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை எனக்குக் காலையில் வகுப்பில்லை. அப்பாவும் அக்காவும் வேலைக்குப் போனபின், அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துக் கணினி முன் உட்கார்ந்தேன். பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாரையும் போல, இதுவும் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. இரண்டு அழுத்தில், புதிய பதிப்பு போட்ட நாளும் நேரமும் வந்தன. செவ்வாய், காலை பதினொன்று நாற்பத்திரண்டு.

காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அக்கா மருந்துக்கடையில் இருந்தாள். அப்பா டிப்போவில். நான் வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்தேன். பேராசிரியர் உட்பட முப்பது சாட்சிகள் உண்டு. தானாகவே போட்டுக்கொண்டதா என்று கணினியையும் விசாரித்தேன். அது நிரபராதி. ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு இடத்தில், இப்போதே நிறுவு என்று இன்னொரு இடத்தில், இரண்டு முறை யாரோ அழுத்தினால்தான் வேலையையே ஆரம்பிக்குமாம்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரையின் வலது மூலையிலிருந்து ஒரு கட்டம் வழுக்கிக்கொண்டு வந்தது. பழைய கணினி இப்படிச் செய்யாது. தபால் வந்தால் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். இது வாசலில் நின்று சத்தமாகப் படிக்கிற ரகம். இன்ஜினியரின் பெயருக்குக் கீழே இரண்டு வரி. 'மேடம், அந்தப் படிக்கட்டு விஷயம் நான் யார்கிட்டயும் சொல்லல. வேலை பத்திக் கவலப்படாதீங்க. கண் டாக்டர்கிட்ட போனீங்களா?' படித்து முடித்ததும் உள்ளே போய்விட்டது.

ஆறு மாதத்துக்கு முன் அம்மா, மானிட்டர் சரியில்லை, கோடு நடுவில் வயிறு தள்ளுகிறது என்றாள். நாங்கள் பார்த்தோம், கோடு கோடாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் விடாததால் அப்பா வேறு மானிட்டர் வாங்கி வந்தார். அதிலும் வயிறு தள்ளியது. பிறகு பிரிண்டர்மேல் சந்தேகம் திரும்பியது, தாளிலும் கோணலாக விழுகிறதாம். பிறகு மேசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேசையின் ஒரு காலுக்கு அடியில் காகிதம் மடித்து மடித்து வைத்தோம். நான் அன்று, அடுத்தது தரையைத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அக்கா சிரித்தாள். அப்பாவும். அம்மா மட்டும் மேசையின் ஓரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தலையில் துண்டோடு வந்தாள். திரையில் அந்த நாளும் நேரமும் திறந்தே இருந்தன. மூடியிருக்கலாம். எனக்குக் கை வரவில்லை.

"என்ன பாக்கற?"

"பதினொன்னு நாப்பத்திரண்டு."

அவள் துண்டை இழுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

"இதெல்லாமா எழுதி வெக்கும் இது?"

"ம்."

"சனியன்."

"எதுக்கும்மா அழுத்துன?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மூணு வீட்டுக்குப் படிக்கட்டு வரைஞ்சேன்டா. மூணும் தப்பு. கடைசி வீட்ல ஏறினா தலை இடிக்குது, மேஸ்திரி கட்டிட்டுதான் சொல்றாரு. இன்ஜினியர் சார் ஒண்ணும் சொல்லல. டாக்டர்கிட்ட போங்கன்னு மட்டும் சொன்னாரு. எனக்குன்னா இதுமேலதான் சந்தேகம். ஒம்போது வருஷப் பழசு, ரெண்டு வருஷமா கத்துது, நாமதான் வாயப் பொத்தி வெச்சிருக்கோம். அதனாலதான் கோடு கோணுதோ என்னமோ. புதுசாக்கிட்டா நிமிந்திடும்னு நெனச்சேன்."

"ஆச்சா?"

"எல்லாம் மாறுச்சு. படம் மாறுச்சு, கலர் மாறுச்சு, எழுத்து மாறுச்சு. அந்தச் சாம்பல் கட்டத்தோட கோடு மட்டும் அப்படியே கோணலா இருந்துச்சு."

அவள் இதைச் சொன்ன விதத்தில் இருந்தது என்ன என்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அழுகை இல்லை. கடைசிச் சந்தேக நபரும் நிரபராதி என்று விடுதலை ஆகிப் போனபின் நீதிபதி மட்டும் அறையில் தனியாக இருந்தால் இப்படிப் பேசுவாராக இருக்கும்.

"அதுக்கு என்னய மாட்டிவிடுவியா?"

"வேற யாரச் சொல்றது? நீன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

நியாயமாகத்தான் இருந்தது. "டாக்டர்கிட்ட போலாம் வா. இன்னைக்கே."

"போனா தெரிஞ்சிடுமேடா."

நான் எழுந்து பேன்ட் மாட்டிக்கொண்டு வந்தேன். அதற்குள் அவள் புடவை மாற்றியிருந்தாள், தலை ஈரம் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்து ஜன்னலைப் பார்த்து நின்றாள். வெளியே வெயில் ஏறியிருந்ததால் கம்பிகள் கறுப்பாகத் தெரிந்தன.

"அந்தக் கம்பியெல்லாம் நேராவா இருக்கு?"

"நேராத்தாம்மா இருக்கு."

"எல்லாமே?"

"எல்லாமே."

"பொய் சொல்லாத."

"சத்தியமா."

"நீ எப்பவும் சத்தியமான்னுதான் சொல்லுவ."

மதிப்பெண் பட்டியலுக்கும், உடைந்த போனுக்கும், போகாத டியூஷனுக்கும் இதே கூடத்தில் நின்று இதே வார்த்தையைச் சொன்னவன் நான். இப்போது அதை எந்தக் குரலில் சொன்னால் நிஜமாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா ஜன்னலுக்கு நெருங்கிப் போனாள். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். மற்ற கையின் ஆள்காட்டி விரலை நடுக்கம்பியின் உச்சியில் வைத்து மெதுவாகக் கீழே இறக்கினாள். விரல் போன வழியில் தூசு விலகிக் கம்பி பளபளத்தது. பாதி தூரத்தில், ஒரு வளைவுக்காகக் காத்திருப்பதுபோல் விரல் தயங்கியது. பிறகு நேராக அடிவரை வந்தது. விரல்நுனியில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்தாள். மறுபடி கையை உயர்த்தி, அடுத்த கம்பியின் உச்சியில் வைத்தாள்.