கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

அடங்காத பிள்ளைகளை ஆராய்வது எங்கள் வேலை. அவர்கள் விளையாடும் அறைச் சுவரில் பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் இருட்டில் நானும் பேராசிரியரும் உட்கார்ந்து கவனிப்போம். எங்கள் பக்கம் விளக்கு எரியாதவரை நாங்கள் அவர்கள் கண்ணில் படமாட்டோம். அவர்கள் பேசுவது மட்டும் ஒலிபெருக்கியில் எங்களுக்குக் கேட்கும்.

அன்று சுருட்டைமுடிக்காரி தன் கூட்டாளியைத் தள்ளினாள்.

"இது சண்ட சார்," என்றேன்.

"வெளையாட்டும்மா. வெளையாட்டுன்னே எழுது."

"கண்ணத் தொறந்து பாத்தீங்களா?"

"எனக்கே சொல்லித் தர்றியா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நான் எழுதியதைக் காட்ட விளக்கைப் போட்டேன். அவர் என் பேனாவைப் பிடுங்கினார். நான் அவர் நாற்காலியை ஓர் உதை விட்டேன். அதற்குச் சக்கரம் உண்டு. அவரோடு ஓடிப்போய்ச் சுவரில் முட்டி நின்றது.

அப்போதுதான் மறுபக்கம் சத்தமே இல்லை என்று உறைத்தது. வாலுப் பட்டாளம் முழுவதும் கண்ணாடி முன் சம்மணம் போட்டு, வரிசையாக, கைகட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இவங்க சண்ட போடறாங்களா, வெளையாடறாங்களா?" என்று கேட்டாள் சுருட்டைமுடிக்காரி.

"சண்டதான்," என்றான் கூட்டாளி. "ரெண்டு பேரும் சிரிக்கலையே."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒலிபெருக்கி மறுபடி பேசியது. "இல்லடி. வெளையாட்டுதான்."