வாக்குக் கொடுக்க மறுத்த பாலாம்பிகை

துசியந்திக்கு அன்று கிடைத்தது ஓர் அயலவர் வழக்கு. பிளேஸ்டோ என்ற ஆங்கிலேய நகர்ப்பகுதியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர். பியற்றிஸ் முதியோர் இல்லத்தில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவள். பக்கத்து வீட்டுப் பாலாம்பிகை வேண்டுமென்றே சுவரில் இடிக்கிறாள், போய்க் கேட்டால் கதவைச் சாத்துகிறாள், கோர்ட்தான் தடுக்க வேண்டும் என்று வந்திருந்தாள். இரண்டு பேருமே யாழ்ப்பாணத்தார். பியற்றிஸ் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். பாலாம்பிகைக்கு ஆங்கிலம் வராது. அவருக்காகத்தான் மொழிபெயர்க்கத் துசியந்தியை அழைத்திருந்தார்கள்.

"பிரதிவாதி எண்டா ஆர் பிள்ளை?" பாலாம்பிகை கேட்டார்.

"நீங்கள்தான் அம்மா. வழக்கில எதிராளி."

"நான் ஒருத்தருக்கும் எதிராளி இல்லை."

துசியந்தி அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். சொன்னதைச் சொல்வதுதான் வேலை. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

நீதிபதி தன்மையான பெண்மணி. பாலாம்பிகை கோர்ட்டுக்கு ஓர் 'அண்டர்டேக்கிங்' கொடுத்தால் போதும், விசாரணையே தேவையில்லை என்றார். துசியந்தி ஒரு கணம் தயங்கினாள். அந்தச் சொல்லுக்குச் சரியான தமிழ் எது? 'உறுதிமொழி' மேடைப் பேச்சுப் போல இருந்தது.

"இனிச் சுவரில இடி கேக்காது எண்டு கோர்ட்டுக்கு வாக்குக் குடுக்கச் சொல்லுறா."

"ஏலாது."

பியற்றிஸ் உச்சுக்கொட்டினாள். துசியந்தி அதைச் சொன்னதும் நீதிபதியின் முகம் இறுகியது. பிழை சொல்லில்தான் இருக்கிறது என்று துசியந்திக்குப் பட்டது. விளக்கிச் சொல்ல அனுமதி கேட்டுக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா, வாக்குக் குடுத்தா நீங்கள் பிழை செய்தனீங்கள் எண்டு ஒப்புக்கொண்டதா ஆகாது. இனி நடக்காது எண்டு மட்டும்தான். ஆனா மீறினா கோர்ட் தண்டிக்கும்."

"அது விளங்குது. என்ர கைக்கு நான் வாக்குக் குடுப்பன். அவற்ற கைக்கு எப்பிடிக் குடுக்கிறது?"

துசியந்தி வாய் திறக்குமுன் பியற்றிஸ் சடாரென்று திரும்பினாள்.

"ஆற்ற கை?" தமிழில் கேட்டாள்.

துசியந்தி இரண்டையும் வரிசையாக நீதிபதிக்குச் சொன்னாள். யாருடைய கை என்று அவரும் கேட்டார்.

பாலாம்பிகை கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என்ர மனுசன்ர. ரெண்டு வருசமா அவருக்கு எல்லாம் மறந்து போகுது. அந்தச் சுவரில கதவு இருக்கெண்டு நினைச்சுத் தட்டுறார். நான் கையைப் பிடிச்சா அழுறார். சனம் விசர், பைத்தியம் எண்டு சொல்லுமெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மொழிபெயர்ப்பாளர் 'நான்' என்றுதான் பேச வேண்டும். நான் கையைப் பிடித்தால் அவர் அழுகிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் துசியந்தி தண்ணீர்க் குவளையை எடுத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள்.

பியற்றிஸ் தலை குனிந்திருந்தாள். வழக்கை இப்போதைக்கு நடத்த விரும்பவில்லை என்றாள். நீதிபதி தேதி குறிக்காமல் தள்ளிவைத்தார். தேவையானால் இருவரில் யாரும் வழக்கைத் திரும்ப எழுப்பலாம்.

வெளியே நடைக்கூடத்தில் பியற்றிஸின் கோபம் இன்னும் தீரவில்லை.

"கதவைச் சாத்தாமல் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அன்ரி? நான் வேலை செய்யிற இடம் முழுக்க இப்பிடி ஆக்கள்தான்."

"நீர் பொலிசைக் கூப்பிடுவன் எண்டல்லோ வாசலில நிண்டு கத்தினீர்."

பியற்றிஸ் குரலைத் தணித்துக்கொண்டாள். "அங்கிள் தட்டேக்க நான் இஞ்சால என்ர பக்கத்திலயிருந்து திருப்பித் தட்டிப் பாக்கட்டே? சில பேர் அதோட அடங்குவினம்," என்றாள்.

"ஆர் அங்காலை எண்டு கேப்பார்."

"பியற்றிஸ் எண்டு சொல்லுங்கோ. நாளைக்கு மறந்திட்டாரெண்டா திரும்பவும் சொல்லுங்கோ."

பாலாம்பிகை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீர் எப்ப படுக்கிறது?" என்று கேட்டார். பதிலைக் கேட்கத் துசியந்தி நிற்கவில்லை. அடுத்த வழக்குக்கு அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.