கண்ணீர்ப் படலமும் முதல் பெயரும்

நைஜல் யார்ட்லிக்கு வயிறு எரிந்தது. கணிதத் துறைக்காரர்கள் நாலு மணிக்கு வழக்கம்போலத் தேநீர் அறையில் கூடியிருந்தார்கள். பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி டிரெவர் கேட்ட கேள்விதான் எரிச்சலுக்குக் காரணம்.

"உங்க கட்டுரையை 'ஆஸ்பினாலும் பிறரும்'னு டொரான்டோக்காரங்க மேற்கோள் காட்டியிருக்காங்க, பாத்தியா? அந்தப் பிறர்ல நீயும் ஒருத்தன்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் யார்ட்லியும் சிரித்துவைத்தார்.

கண் சிமிட்டியதும் விழிமேல் பரவுகிறதே கண்ணீர்ப் படலம், அதன் தடிமன் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான். அது எப்படி ஓடுகிறது, எங்கே வற்றுகிறது, கண் வறட்சி உள்ளவர்களுக்கு ஏன் சீக்கிரமே கிழிந்துபோகிறது என்பதற்கெல்லாம் சமன்பாடு எழுத யார்ட்லி ஆறு வருடம் உழைத்தார். அவரோடு சேர்ந்து ஆராயும் இமோஜென் ஆஸ்பினால் துறைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ஆனால் கணிதக்காரர்கள் கட்டுரையில் பெயர்களை அகரவரிசையில்தான் போடுவார்கள். யார் எவ்வளவு உழைத்தார் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆங்கில எழுத்துப்படி ஆஸ்பினால் தலையில், யார்ட்லி வாலில். இது அவள் செய்த குற்றமில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன, மனசு கேட்க வேண்டுமே! அவளுக்குக் கோபன்ஹேகனிலிருந்து உரையாற்ற அழைப்பு வந்தால் எரிச்சல், அந்த அழைப்பை அவள் சந்தோஷமாக வந்து சொன்னால் இன்னும் எரிச்சல்.

இப்போது எழுதிய கட்டுரை கண் மருத்துவ இதழுக்குப் போகிறது. அங்கே வழக்கம் வேறு, அதிகம் உழைத்தவர் பெயர்தான் முதலில் வரும். தன் பெயர் தலையில் ஏற இதை விட்டால் வாய்ப்பில்லை என்று யார்ட்லி ஏங்கினார். ஆனால் வாய்விட்டுக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. வரைவை இமோஜென் மூன்று வாரம் முன்பே அனுப்பிவிட்டாள். அதிலும் 'ஆஸ்பினால்' என்று தொடங்குவதைப் பார்க்கச் சகிக்காது என்று அவர் கோப்பைத் திறக்கவே இல்லை. 'நன்று, அனுப்பலாம்' என்று ஒரு வரி பதில் போட்டார். இதழின் படிவத்தில் 'கட்டுரை முழுவதையும் படித்து ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் ஒரு டிக்கும் போட்டார்.

கட்டுரை வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். புதன்கிழமை துறைக் கருத்தரங்கில் அதைப் பற்றி இமோஜென் பேசினாள். நோயாளிகளின் கண்ணில் சாயம் விட்டுப் படமெடுத்துக் கொடுத்த டாக்டர் ரோசலிண்ட் பாம்ஃப்ரெட்டும் வந்திருந்தார். கட்டுரையில் மூன்றாவது ஆள் அவர்.

திரையில் முதல் படம் வந்தது. பச்சையாக ஒளிரும் ஒரு விழி, நடுவே கரும்புள்ளி.

"இந்த இடத்துல கண்ணீர் ஆவியாகி மெலிஞ்சு போகுது," என்றாள் இமோஜென்.

யார்ட்லியின் நெஞ்சு துள்ளியது. சிக்கினாள்! கண்ணீர் வற்ற வற்ற அதிலுள்ள சாயம் கெட்டியாகும். ஓர் அளவுக்குமேல் கெட்டியானால் தன் ஒளியைத் தானே அடக்கிக்கொள்ளும். கொஞ்சம் மெலிந்தாலே படத்தில் ரொம்ப இருட்டாகத் தெரியும். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. முடிந்தபிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மனிதர் அதற்கா காத்திருந்தார்? அத்தனை பேர் முன்னாலும் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம், இமோஜென். இருட்டா தெரிஞ்சா அந்த அளவுக்கு மெலிஞ்சிருச்சுன்னு அர்த்தமா? சாயம் கெட்டியானாலும்தான் இருட்டும். முதல் வருஷப் பசங்க பண்ற தப்பு இது! இதைக் கணக்குல சேர்க்காம எப்படி அனுப்பப் போறே?"

இமோஜென் கோபப்படவில்லை, குழம்பினாள்.

"சேர்த்திருக்கே, நைஜல். நாலாவது பகுதி முழுக்க அதுதானே, பதினோரு பக்கம். அடுத்த படமே அதுதான். நீங்க... படிச்சீங்கல்ல?"

"மேலோட்டமா பாத்தேன்."

"மேலோட்டமாவா?" பாம்ஃப்ரெட் நாற்காலியிலேயே திரும்பினார். "அந்தப் பகுதிக்குத் தலைப்பே 'சாயத்தால் வரும் இருட்டு'தான். முழுசாப் படிச்சேன்னு டிக் வேற போட்டிருக்கீங்களே!"

பின்வரிசையில் டிரெவர் இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல் அது. இமோஜெனுக்குத்தான் பொறுக்கவில்லை. அவரை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று கட்டுரையின் முதல் பக்கத்தைத் திரையில் போட்டாள்.

"நைஜலோட சமன்பாடு இல்லாம இதுல எதுவுமே இல்ல. அதனாலதான் நானும் ரோசலிண்டும் பேசி இப்படிப் போட்டோம்."

தலைப்புக்குக் கீழே மூன்று பெயர்கள் இருந்தன: யார்ட்லி, ஆஸ்பினால், பாம்ஃப்ரெட்.

மூன்று வாரமாக அது அவர் கணினியிலேயே கிடந்திருக்கிறது. யார்ட்லிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மிச்சப் பேச்சில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை.

கூட்டம் கலைந்ததும் பாம்ஃப்ரெட் கோட்டை மாட்டிக்கொண்டே கறாராகச் சொன்னார்: "படிக்காதவர் பேரைத் தலையில வெச்சு அனுப்ப நான் ஒத்துக்க மாட்டேன். என்ன பண்றதுன்னு ரெண்டு பேரும் பேசிக்கோங்க." மழைக்குள் இறங்கி டிராமுக்குப் போய்விட்டார்.

இமோஜென் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நைஜல்? திறந்துகூடப் பாக்கலியா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "உன் பேர்தான் முதல்ல இருக்கும்னு நெனச்சேன். அதைப் பாக்கப் பொறுக்கல."

அவள் துடைப்பானைக் கீழே வைத்தாள். பிறகு உட்கார்ந்து மடிக்கணினியில் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து ஏதோ தட்டி, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இப்ப இருக்கு," என்றாள்.